பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் நழுவாமல் காப்பது எப்படி?

சித்திரை பிறந்து நான்கு நாள் இருக்கும். காலை எட்டரைக்கே ஆய்வகத்துச் சுவர் சுடத் தொடங்கிவிட்டது. முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் குடுவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "அக்கா, எவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறது பாருங்கள்" என்றார். வளர்ந்துதான் இருந்தது. அரிசி களைந்த முதல் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. மெல்ல ஆட்டினால் உள்ளே பட்டுச் சேலையின் மினுமினுப்பு ஓடியது. ஆனால் அவருக்கு வேண்டிய அமைலேஸ் என்சைம் அதில் இல்லை. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாக நின்று பெருகும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம்; நாம் ஏற்றும் மரபணு அதில்தான் இருக்கும். அதைப் பிரித்து, டி.என்.ஏ.வைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது, பளிச்சென்று தெரிய வேண்டிய பட்டை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

சேலத்தின் புறநகரில் உள்ள ஒரு கல்லூரியில் 21 ஆண்டுகளாக ஆய்வகப் பணியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை தெரியும். எங்கள் மாணவர்களில் பலர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் சூழ்ந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள். மரவள்ளி மாவுக் கழிவின் புளித்த வாடை அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அதனால், மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றி என்சைம் எடுக்கும் திட்டத்தை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்கிறார். யாராவது ஒருவர் இதே போன்ற குடுவையோடு என்னிடம் வந்தும் நிற்கிறார். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கலங்கியிருப்பது பாக்டீரியா வளர்ந்ததற்கு அடையாளம். பிளாஸ்மிட் இருப்பதற்கு அடையாளம் அல்ல. பிளாஸ்மிட் இருக்கிறதா என்பதைத் தனியாக எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

முதலில், அது எப்படிக் காணாமல் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. 20 கொலுசு மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக, இரண்டு கிண்ணங்களில் ஏதாவது ஒன்றில் போடுங்கள். ஒரு கிண்ணம் முழுக்கக் காலியாக இருப்பதற்கான வாய்ப்பு 5,24,288-இல் ஒன்று. செல் இரண்டாகப் பிரியும்போது அதிலுள்ள 20 பிளாஸ்மிட்களும் இப்படித்தான் பிரிகின்றன. இப்போது அந்த மணிகளை நான்கு நான்காக நூலில் கோத்துவிடுங்கள். மணி அதே 20 தான், ஆனால் போடுவதற்கு ஐந்து சரம்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் காலியாகும் வாய்ப்பு 16-இல் ஒன்றாகிவிடும். பிளாஸ்மிட்களும் ஒன்றோடொன்று இணைந்து இரட்டையாக, நான்காகக் கோத்துக்கொள்ளும். இயற்கையான கோல் ஈ1 பிளாஸ்மிடில் இந்தக் கோர்வையை அறுத்துவிடும் 'செர்' என்ற பகுதி உண்டு. அதன் உறவுக்காரர்களான, ஆய்வகங்களில் நாம் பயன்படுத்தும் பி.பி.ஆர். 322, பி.யு.சி. 19 ஆகிய பிளாஸ்மிட்களில் அந்தப் பகுதி கிடையாது.

கோர்வை உருவாவதற்கு, பாக்டீரியாவில் மரபணு மறுசேர்க்கையைச் செய்யும் ரெக் ஏ புரதம் வேண்டும். அதனால்தான் பிளாஸ்மிடைப் பாதுகாத்து வைக்க, ரெக் ஏ செயலிழந்த டி.எச்.5 ஆல்ஃபா போன்ற வகையில் ஏற்றுங்கள் என்று வற்புறுத்துகிறேன். புரதம் எடுக்கப் பயன்படும் பி.எல்.21 வகையில் ரெக் ஏ வேலை செய்துகொண்டிருக்கும். அது வேலைக்கான இடம், சேமிப்புக்கான இடம் அல்ல. பிளாஸ்மிடை மாதக்கணக்கில் அதில் குடிவைக்காதீர்கள்.

பிளாஸ்மிடை இழந்த செல் ஒன்றே ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது. பிளாஸ்மிட் அதற்கு ஒரு சுமை. சுமப்பது 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது, சுமக்காதது 25 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். ஆன்டிபயாடிக் இல்லாமல், குடுவை மாற்றி மாற்றி 25 மணி நேரம் வளர்த்தால், முன்னது 50 தலைமுறை, பின்னது 60 தலைமுறை. பத்துத் தலைமுறை வித்தியாசம் என்றால் 1,024 மடங்கு. தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது முடிவில் சரிபாதி ஆகிவிடும். நீங்கள் ஏற்றிய மரபணு எவ்வளவு அதிகமாக வேலை செய்கிறதோ, சுமையும் அந்த அளவுக்குக் கூடும்.

பிளாஸ்மிடில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் இருக்கும்; பிளாஸ்மிட் இல்லாத செல்லை ஆம்பிசிலின் கொன்றுவிடும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை. "ஆம்பிசிலின் போட்டேனே அக்கா" என்றார் அந்தத் தம்பி. இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஆம்பிசிலினை எதிர்க்கும் செல் செய்யும் பீட்டா லாக்டமேஸ் என்சைம், செல்லின் வெளிச்சுவரை ஒட்டிய இடைவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கசிந்து ஊடகத்துக்கும், அதாவது பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலுக்கும் வருகிறது. வந்து, குடுவையில் இருக்கும் ஆம்பிசிலின் முழுவதையும் சிதைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் போட்ட பந்தலின் நிழல் நமக்கும் கிடைப்பது போல, பிளாஸ்மிட் இல்லாத செல்லும் அந்த நிழலில் வளர்கிறது. பிளேட்டில் ஒரு பெரிய காலனியைச் சுற்றி ஊசிமுனை அளவில் குட்டிக் காலனிகள் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த நிழலில் பிழைத்தவை. அவற்றைத் தொடாதீர்கள். பெரிய காலனியை எடுக்கும்போதும் லூப்பின் நுனியால் நடுவில் மட்டும் தொட்டு எடுங்கள்.

இதிலிருந்து சில பழக்கங்கள் பிறக்கின்றன. ஆம்பிசிலினை ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று தண்ணீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, சிறு குழாய்களில் ஒரு நாளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே புட்டியை மாதம் முழுவதும் உருக்கி உறையவைக்காதீர்கள். ஊடகத்தில் 1,000-க்கு ஒரு பங்கு சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரும். பிளேட்டுக்கு என்றால், ஊடகத்தை உறையவைக்கும் அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். குடுவையின் அடியை வெறும் கையால் சில நொடிகள் நிம்மதியாகத் தாங்க முடிகிறதா என்று பாருங்கள். சேலத்தின் கோடையில் அது ஆற வெகு நேரமாகும், பொறுத்திருங்கள். சூட்டில் ஊற்றிய ஆம்பிசிலின் பாதி வீண். ஊற்றிய பிளேட்டில் தேதி எழுதி 4 டிகிரியில் வைத்து, நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தொடக்கக் கல்ச்சர், அதாவது பெரிய குடுவைக்கு விதையாகச் சிறிய அளவில் வளர்க்கும் பாக்டீரியா. இரவு முழுக்க வளர்த்து, காலையில் அதை அப்படியே பெரிய குடுவையில் கவிழ்ப்பதுதான் வழக்கம். அப்படிக் கவிழ்க்கும்போது பாக்டீரியாவோடு, ஒரு இரவு முழுக்கச் சேர்ந்த பீட்டா லாக்டமேஸும் போகிறது. புதிதாகப் போட்ட ஆம்பிசிலின் அதன் முன் சில மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே, தொடக்கக் கல்ச்சரை மையவிலக்கியில் சுழற்றி, மேலே நிற்கும் திரவத்தை முழுக்கக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த செல்களைப் புதிய ஊடகத்தில் கலக்கிய பிறகு சேர்க்க வேண்டும். கலங்கலை அளக்கும் கருவி 600 நானோமீட்டர் ஒளியில் 0.6 காட்டும்போதே, அதாவது இன்னும் சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு பத்து நிமிட வேலையைத்தான் அந்தத் தம்பி விட்டுவிட்டார்.

கையில் பணம் இருந்தால் கார்பெனிசிலின் வாங்குங்கள், அது ஊடகத்தில் இன்னும் கொஞ்சம் நிலைத்து நிற்கும். புதிதாக பிளாஸ்மிட் வடிவமைக்கிறவர்களானால் கானமைசின் எதிர்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கானமைசினை முடக்கும் என்சைம் செல்லுக்குள்ளேயே இருப்பதால் பக்கத்துச் செல்லுக்கு நிழல் கிடைப்பது அரிது. மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் போதும். பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் பி.எல்.21 வளர்க்கிறீர்கள் என்றால் மட்டும் 100 ஆக்குங்கள், அங்கே கானமைசினின் பிடி தளர்ந்துவிடும்.

இனி சோதனை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆட்டோகிளேவ் செய்த, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய பல்குச்சி ஒரு பெட்டி, கட்டம் போட்ட காகிதம், இரண்டு வகைப் பிளேட். ஒன்று ஆம்பிசிலின் கலந்தது. மற்றொன்று ஆன்டிபயாடிக் இல்லாமல் ஒரு சதவீதம் மாவுச்சத்து கலந்தது. நாங்கள் நல்ல மரவள்ளி மாவையே பயன்படுத்துகிறோம். குளிர்ந்த நீரில் கரைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, அகாரோடு சேர்ப்போம்.

முதலில் நன்றாக வளர்ந்த கல்ச்சரைப் பத்து லட்சம் மடங்கு நீர்த்துப்போகச் செய்து, அதில் 100 மைக்ரோலிட்டரை ஆன்டிபயாடிக் இல்லாத சாதாரண பிளேட்டில் பரப்புங்கள். மறுநாள் இருநூறு, முந்நூறு காலனி வரும். ஒவ்வொரு காலனியையும் ஒரு பல்குச்சியால் தொட்டு, முதலில் ஆம்பிசிலின் பிளேட்டிலும், அடுத்து அதே குச்சியால் மாவுப் பிளேட்டில் அதே எண்ணுள்ள கட்டத்திலும் மெல்லக் கோடு இழுங்கள். வரிசை மாறக் கூடாது. ஆன்டிபயாடிக் இல்லாத பிளேட் கடைசியில் வந்தால்தான், அங்கே வளர்ந்தது முந்தைய பிளேட்டிலும் உண்மையில் பட்டிருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். நூறு காலனி தொடுங்கள். ஒரு பிளேட்டில் ஐம்பதுக்கு மேல் நெருக்க வேண்டாம். நெருக்கினால் ஆம்பிசிலின் பிளேட்டில் மீண்டும் அந்த நிழல் கதைதான். 37 டிகிரியில் 16 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

மறுநாள் காலையில் மாவுப் பிளேட்டின் மேல் அயோடின் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் வையுங்கள். பிளேட் முழுவதும் கத்தரிப்பூ நிறத்திலிருந்து கறுநீலத்துக்கு மாறும். அமைலேஸ் சுரக்கும் கோடுகளைச் சுற்றி மட்டும் நிறம் ஏறாது. வெளிறிய மஞ்சளில் ஓர் ஒளிவட்டம் நிற்கும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. அந்த வட்டத்தின் அகலத்தைக்கூட அளந்து நோட்டில் எழுதச் சொல்வேன். அயோடின் பட்ட செல் பிழைக்காது. பிறகு தேவைப்படும் காலனியை ஆம்பிசிலின் பிளேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டு பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆம்பிசிலினில் வளர்ந்து, மாவில் வட்டமும் போட்டிருந்தால் எல்லாம் சரி. ஆம்பிசிலினில் வளரவில்லை, வட்டமும் இல்லை என்றால் பிளாஸ்மிட் போய்விட்டது. மூன்றாவது வகைதான் பலரும் கவனிக்காதது: ஆம்பிசிலினில் செழிப்பாக வளர்ந்திருக்கும், ஆனால் வட்டம் இருக்காது. பிளாஸ்மிட் இருக்கிறது, உங்கள் மரபணு கெட்டுவிட்டது. அம்மாப்பேட்டையில் தறி வீட்டில் பிறந்த எனக்கு, சேலை முழுதாக இருந்து பார்டர் மட்டும் விட்டுப்போனதைப் பார்ப்பது போல இருக்கும். ஆம்பிசிலினை எவ்வளவு கூட்டினாலும் இந்த வகை சாகாது, ஏனென்றால் எதிர்ப்பு மரபணு பத்திரமாக இருக்கிறது. அந்தத் தம்பியின் குடுவையில் நூறில் 38 மட்டுமே ஆம்பிசிலினில் வளர்ந்தன. அந்த 38-இலும் 9-க்கு வட்டம் இல்லை.

எத்தனை தலைமுறை தாங்கும் என்று அறிய வேண்டுமானால், ஆன்டிபயாடிக் இல்லாத 5 மில்லிலிட்டர் ஊடகத்தில் 5 மைக்ரோலிட்டர் கல்ச்சரை விடுங்கள். அது முழுதாக வளரும்போது ஏறக்குறைய பத்துத் தலைமுறை ஆகியிருக்கும். தினமும் ஒருமுறை இப்படி மாற்றி, ஐந்து நாளும் நூறு காலனி எண்ணினால் 50 தலைமுறையின் கதை உங்கள் நோட்டில் வந்துவிடும். புதிதாகச் செய்த எந்த பிளாஸ்மிடையும் பெரிய குடுவைக்குக் கொண்டுபோகும் முன் இந்த ஐந்து நாளைச் செலவிடுங்கள்.

மரபணு கெடுவதைத் தடுக்க இரண்டு வழி உண்டு: சுமையைக் குறைப்பது, சூட்டைக் குறைப்பது. லாக்டோஸ் பட்டால் மரபணுவை முடுக்கிவிடும் லாக் ஊக்கியின் கீழ் மரபணுவை வைத்திருந்தால், முடுக்குவதற்கென்று நாம் போடும் ஐ.பி.டி.ஜி. சேர்க்காமலேயே அது கொஞ்சம் கசியும், அதாவது வேலை செய்யத் தொடங்கிவிடும். ஊடகத்தில் போடும் டிரிப்டோன் பாலின் கேசீனிலிருந்து வருவதால் அதில் துளி லாக்டோஸ் ஒட்டியிருக்கக்கூடும், அதுவே போதும். விதைக் கல்ச்சரிலும் பிளேட்டிலும் அரை முதல் ஒரு சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தால் கசிவு குறையும். வட்டம் பார்க்கும் மாவுப் பிளேட்டில் மட்டும் குளுக்கோஸ் வேண்டாம். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ.வாக இருந்தால், அதற்கென்றே உருவாக்கப்பட்ட ஸ்டேபிள்-3 போன்ற வகையில் ஏற்றி 30 டிகிரியில் வளர்க்க வேண்டும்.

30 டிகிரி என்று எழுதுவது எளிது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் அறையே 36, 37 டிகிரி இருக்கும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. திருகை 30-இல் வைத்துவிட்டு, உள்ளே 30 இருக்கிறது என்று நம்பி ஒரு வாரத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். குடுவைகளை ஆட்டும் ஷேக்கரில் மோட்டார் சூடும் சேர்ந்து, 37 என்று வைத்தது 40-ஐத் தாண்டும். பி.யு.சி. வகைப் பிளாஸ்மிடுகளின் எண்ணிக்கையே சூட்டைப் பொறுத்தது: 30 டிகிரியில் குறையும், 37-க்கு மேல் போகப் போக ஏறும். எண்ணிக்கை ஏறினால் சுமையும் ஏறும். ஆகவே ஒரு சாதாரண வெப்பமானியைத் தண்ணீர் நிரப்பிய குடுவையில் செருகி உள்ளே வைத்து, அது காட்டுவதை மட்டும் நம்புங்கள். குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் இருந்தால் கோடையில் அதில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

மலைக்குப் போனால் பிரச்சினை வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மே மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சிக்காக அங்கே சிறிய ஆட்டோகிளேவைக் கொண்டுபோனோம். வழக்கம்போல 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். மறுநாள் காலை, எதுவுமே விதைக்காத குடுவையும் கலங்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சூட்டைத் தாங்கும் வித்துள்ள, தடித்த கோல் வடிவ பாக்டீரியா. மலையில் காற்றழுத்தம் குறைவு. அதனால் அழுத்தமானி 15 காட்டினாலும் உள்ளே சூடு 121 டிகிரியை எட்டாது, 118 வாக்கில் நின்றுவிடும். அங்கே 17, 18 பவுண்டு வைக்க வேண்டும். வால்வு இடம் தராவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். அன்றிலிருந்து, எங்கே வேலை செய்தாலும் எதுவும் விதைக்காத ஒரு குடுவையைக் கூடவே ஷேக்கரில் வைக்கிறேன். அது தெளிவாக இருந்தால்தான் மற்ற குடுவைகளைப் பற்றிப் பேச்சு.

விதையைச் சேமிப்பது பற்றி. சோதித்து வட்டம் போட்ட ஒரே ஒரு காலனியிலிருந்து வளர்த்த இளம் கல்ச்சர் அரை மில்லிலிட்டரும், ஆட்டோகிளேவ் செய்த 50 சதவீத கிளிசரால் அரை மில்லிலிட்டரும் கலந்து கழித்தல் 80 டிகிரியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பத்துக் குழாய் செய்யுங்கள். இரண்டு விதைநெல், அவற்றைத் தொடக் கூடாது. எட்டு வேலைக்கு. வேலைக் குழாயிலிருந்து வளர்த்ததை மீண்டும் குழாயில் அடைத்து, அதிலிருந்து இன்னொன்று என்று போகவே கூடாது. தலைமுறைகள் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக்கொண்டே போகும். பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாதாமாதம் கீறி வைப்பதும் அதே தவறுதான்.

எங்களைப் போன்ற கல்லூரிகள் பலவற்றில் கழித்தல் 80 ஃபிரீசர் கிடையாது. கழித்தல் 20-இல் கிளிசரால் குழாய் சில மாதங்கள் தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பாக்டீரியாவை விட பிளாஸ்மிட் டி.என்.ஏ.வைச் சேமிப்பதுதான் நல்லது. சுத்தமாகப் பிரித்து, டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. கரைசலில் கழித்தல் 20-இல் வையுங்கள். மின்சாரம் போய் ஒரு இரவு உருகினாலும் அது கெடாது. ஒரு சொட்டை வடிகட்டித் தாளில் விட்டு, பென்சிலால் வட்டமிட்டு, காயவைத்து உறையில் போட்டும் வைக்கலாம். முக்கியமான பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக பாக்டீரியாவில் ஏற்றி, முளைத்த காலனியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக்கே இல்லாமல் பிளாஸ்மிடை நிறுத்தும் வழிகளும் உண்டு. செர் பகுதியைத் திரும்பச் சேர்க்கலாம். ஆர்1 பிளாஸ்மிடின் ஹாக்-சாக் அமைப்பைச் சேர்த்தால், பிளாஸ்மிடை இழந்த செல்லை அது விட்டுப்போன நஞ்சே கொன்றுவிடும். செல்லுக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை நிறமூர்த்தத்திலிருந்து எடுத்து பிளாஸ்மிடில் வைப்பது இன்னொரு வழி. ஆனால் இவை எதுவும் உள்ளே இருக்கும் உங்கள் மரபணு கெடுவதைத் தடுக்காது. மாவுப் பிளேட் அப்போதும் வேண்டும்.

வேலை முடிந்த குடுவைகளைப் பற்றி நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். மரபணு மாற்றிய பாக்டீரியாவும், அது சுமக்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மத்திய அரசின் 1989-ஆம் ஆண்டு விதிகள் இதற்காகவே இருக்கின்றன. நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சேகோ ஆலைக் கழிவில் என்சைமைச் சோதிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம், கழிவை ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள், பாக்டீரியாவை ஆலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பேன். எங்கள் ஊர்ச் சாக்கடை போய்ச் சேரும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. ஏற்கெனவே அது படும் பாடு போதும்.

அந்தத் தம்பி தன் குடுவையை அன்றே ஆட்டோகிளேவில் வைத்து, 121 டிகிரியில் முப்பது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கொட்டினார். பிறகு டி.எச்.5 ஆல்ஃபாவில் இருந்த பழைய டி.என்.ஏ.வை எடுத்துப் புதிதாக ஏற்றி, பல்குச்சிப் பெட்டியையும் அயோடினையும் மேசையில் வைத்துக்கொண்டு, கட்டக் காகிதத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட உட்கார்ந்தார்.